பொட்டில்லாத போன்

அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம் என்ற நிலையில் ஒரு பொருளை வீட்டில் வைத்துப் பராமரிப்பது சுலபமான காரியம் இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், லண்டன் மோர்டனில் நாங்கள் குடியிருந்த வீட்டில், அந்தப் பொருள் எங்கள் கோட்லெஸ் போன். அதை வாங்கியவன் நான், துடைத்தவன் நான், அதைக் கண்டு நடுங்கியவனும் பெரும்பாலும் நான்தான்.

ஊரில் சண்டை நடந்த காலம் அது. மணி அடித்தால் வீட்டில் ஒரு கணம் எல்லாம் நிற்கும். மனைவி கையில் பிடித்த அகப்பையுடன் நிற்பாள். நான் பத்திரிகையை இறக்காமலே வாசிப்பதை நிறுத்துவேன். எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்தவர், ஊரில் தபாலதிபராக இருந்து, லண்டனில் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் செய்தவர், குறட்டையை நிறுத்துவார். அவரை நாங்கள் போஸ்ட்மாஸ்டர் அண்ணை என்போம். மறுமுனையில் யாராவது யன்னல் கண்ணாடி விற்பவன் என்று தெரிந்ததும் அவனுடன் நான் மிகுந்த பாசத்தோடு பேசுவேன். அந்த வியாபாரிகள் என்னைப் போல ஒரு வாடிக்கையாளரை இங்கிலாந்தில் வேறெங்கும் கண்டிருக்கமாட்டார்கள்.

போன் பால் வெள்ளை நிறம். இழுத்து நீட்டும் ஏரியல். ரிசீவர் நிமிர்ந்து உட்காருவதற்கு ஒரு பீடம். ரிசீவரின் அடியில் இரண்டு சிறிய பித்தளைத் தகடுகள். பீடத்தில் அவற்றைத் தொடும்படி இரண்டு ஊசிகள். தகடும் ஊசியும் தொட்டால் மின்சாரம் ஏறும், பீடத்தின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மணி ரிசீவரில்தான் அடிக்கும், பீடம் ஊமை. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஒன்பது மொழிகளில் இருந்தது. தமிழ் இல்லை என்ற மனவருத்தத்துடன் ஆங்கிலத்தில் இரண்டு முறை படித்தேன்.

மென்மையான துணியால் துடைக்கவேண்டும். துணியை நனைத்தால் பிழிந்துவிடவேண்டும். ஸ்பிரிட் கூடாது, பொலிஷ் கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது, அதை எழுதியவர் மோர்டனுக்கு வந்ததில்லை. தகடுகளை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் சுத்தம் செய்யவேண்டும், அங்கே ஈரம் அறவே படக்கூடாது. நான் வாரம் ஒருமுறை செய்தேன். பயம் கூடிய வாரங்களில் நாளுக்கு ஒருமுறை.

துடைப்பதற்கு வேலை இல்லாமலும் இல்லை. மனைவி சமைத்துக்கொண்டே கனடாவில் இருக்கும் தமக்கையுடன் கதைப்பாள். ஐந்தாம் இலக்கப் பட்டன் மஞ்சள் பிடித்து, தங்கப்பல் மாதிரி மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும். போஸ்ட்மாஸ்டர் அண்ணை காதில் வைத்த இடத்தில் நல்லெண்ணெய் வட்டமாக நிற்கும். வாய்ப்பக்கத்து ஓட்டைகளில் என்னென்ன அடைத்திருந்தன என்று சொன்னால் நீங்கள் இன்று சாப்பிடமாட்டீர்கள். ஒவ்வொரு ஓட்டையையும் பல்லுக்குத்தும் குச்சியால் கிண்டி, துடைத்து, ஏரியலை நீட்டி அதன் கழுத்தையும் துடைத்து, பீடத்தில் இருத்துவேன்.

"பிள்ளைக்குக் காது கிண்டுற மாதிரிக் கிண்டுறீர் ஐசே," என்பார் போஸ்ட்மாஸ்டர் அண்ணை. "பவுடரும் பூசிவிடும்."

பவுடர் பூசவில்லை. உடுப்புப் போட்டோம். தூசு படாதிருக்க மனைவி லேஸ் துணியில் ஒரு உறை தைத்தாள். தொலைக்காட்சிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. ரிசீவரையும் பீடத்தையும் சேர்த்து அது அடிவரை மூடும். எரிகிறதா இல்லையா என்று பார்ப்பதற்காகக் கம்பனிக்காரன் வைத்த சிவப்பு விளக்கும் உள்ளே போய்விட்டது. கையேட்டை இரண்டு முறை படித்தவனுக்கு அது அன்று தோன்றவில்லை.

அந்த ஐப்பசியில் மனைவியின் தம்பி வழியில் இருந்தான். கொழும்பிலிருந்து ஏதோ ஒரு நாடு, அங்கிருந்து இன்னொரு நாடு. பெயரைச் சொல்ல ஏஜென்சிக்காரனுக்கு விருப்பமில்லை, கேட்க எங்களுக்குத் துணிவில்லை. ஒரு சனிக்கிழமை அவனே போன் அடித்தான். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"அக்கா, வெள்ளி இல்லாட்டில் சனி வந்து இறங்குவனாம். கையில ஒரு கடதாசியும் வைச்சிருக்கக்கூடாதாம். உங்கட நம்பரைப் பாடமாக்கிப்போட்டன்."

"திருப்பிச் சொல்லு பாப்பம்," என்றாள் மனைவி. சொன்னான். பிறகு லைன் அறுந்தது.

எயர்போட்டில் என்ன நடக்கும் என்பது அந்தக் காலத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். இறங்கியவன் அகதி என்று சொல்வான். அதிகாரி அவனிடம் இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, சொல்கிற நம்பருக்கு அடிப்பார். ஒருவர் எடுத்து, ஓம், எங்கள் ஆள்தான், எங்கள் வீட்டில் தங்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு கடதாசி கொடுத்து வெளியே விடுவார்கள். ஒருவரும் எடுக்காவிட்டால் தடுப்பு முகாம். அதற்கும் மேலே போய், வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றப்பட்டவர்களின் கதைகளும் இருந்தன. ஏற்றி அனுப்பப்பட்டவனைக் கொழும்பில் யார் வரவேற்பார்கள் என்பதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

ஆகவே இருபத்துமூன்று வயது ஆள் ஒருவனின் உயிர், நான் பல்லுக்குத்தும் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்த அந்தப் பிளாஸ்டிக் பொருளில் தொங்கியது. பழைய கம்பி போனை லூயிஷாமில் இருந்த ஒரு சொந்தக்காரருக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். வேறு போன் இல்லை. இனசனம் எல்லாருக்கும் சொல்லிவைத்தோம், வெள்ளி சனி இரண்டு நாளும் தயவுசெய்து எங்களுக்கு அடிக்கவேண்டாம், லைன் சும்மா கிடக்கட்டும் என்று. வயிற்றுவலி என்று சொல்லி வேலைக்கு லீவு போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அது உண்மையாகவே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் சரஸ்வதி பூசையும் வந்தது.

மனைவி முன்னறையில் படத்தின் கீழே வெள்ளைத் துணி விரித்து வீட்டிலுள்ள தொழிற்சாமான்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினாள். அவளுடைய தையல் மெசின். இஸ்திரிப்பெட்டி. என் டைப்ரைட்டர். போஸ்ட்மாஸ்டர் அண்ணையின் காரைப் பூட்டித் திறக்கும் திறப்பு. டின் வெட்டும் கருவிகூட வந்தது. கடைசியில் நடையில் இருந்த சின்ன மேசைக்கு வந்து போனில் கைவைத்தாள்.

"இதையும் வைக்கவேணும்."

"பூசையில வைச்ச சாமானை நாளைக்குக் காலமைதானே எடுக்கலாம்?" என்றேன்.

"ஓம்."

"அப்ப பின்னேரம் உன்ர தம்பி வந்து இறங்கி, இமிகிரேசன்காரன் அடிச்சால் ஆர் எடுக்கிறது? சரஸ்வதியோ?"

"உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்."

மாடிப்படியில் தேநீருடன் இருந்த போஸ்ட்மாஸ்டர் அண்ணை, "சரஸ்வதி எடுத்தால் நல்லதுதானே ஐசே. உம்மை விட வடிவா இங்கிலீசு கதைப்பா," என்றார்.

மனைவி யோசித்தாள். "சரி, வைக்காட்டிப் பரவாயில்லை. ஒரு பொட்டெண்டாலும் வைச்சு விடுவம்."

"ஈரம் படக்கூடாது. கையேட்டில தெளிவாப் போட்டிருக்கு."

அந்தக் கையேட்டை நான் எத்தனை தரம் சொல்லிச் சொல்லி அவளைச் சலிக்கவைத்திருப்பேனோ, அவள் வாதாடவில்லை. போய்விட்டாள். படித்தவன் ஒருவன் வென்றுவிட்ட திருப்தியுடன் நான் நடையில் நின்றேன்.

பின்னேரம் பூசை நடந்தது. போன் அடிக்கவில்லை. அவலும் கடலையும் சாப்பிட்டோம். போன் அடிக்கவில்லை. ஏழு மணியளவில், போஸ்ட்மாஸ்டர் அண்ணை வேலைக்குப் புறப்பட, அவருடைய திறப்பைச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு எடுத்துக் கொடுத்தாள் மனைவி. அவர் கையில் அந்தத் திறப்பைப் பார்த்தேன். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் உறைத்தது. இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு இருக்கிறது. தையல் மெசினுக்கு இருக்கிறது. டின் வெட்டுகிற சாமானுக்கு இருக்கிறது. பொட்டில்லாமல் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் நான் சொன்னதால்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பயம் உண்டு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் எங்கள் முன்னறையிலிருந்து நடை வரைக்கும்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். மைத்துனன் வராமற்போனால் காரணம் என்ன என்று பிறகு ஒருநாள் எல்லோரும் யோசிப்பார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் மனைவி அந்தப் போனைப் பார்க்கும் பார்வையை நான் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

அவள் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. முன்னறைக்குப் போய், கிண்ணத்திலிருந்த சந்தனத்தில் மோதிரவிரலைத் தோய்த்தேன். பொதியில் வந்த தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம், கொஞ்சம் இளக்கமாக இருந்தது. நடைக்கு வந்து உறையைத் தூக்கினேன். முகப்பில் வைத்தால் மனைவி காண்பாள், நான் தோற்றவனாவேன். முதுகில் வைத்தால் போஸ்ட்மாஸ்டர் அண்ணை காண்பார், சாகும்வரை சொல்லிக்காட்டுவார். ரிசீவரைக் கவிழ்த்து அடியில், இரண்டு தகடுகளுக்கும் நடுவே, தகட்டில் படாமல் மிகக் கவனமாக ஒரு பொட்டு வைத்தேன். மனைவியின் காலடிச் சத்தம் கேட்டது. அப்படியே நிமிர்த்திப் பீடத்தில் இருத்தி உறையைப் போட்டேன்.

"என்ன செய்யிறியள்?"

"துடைச்சனான்," என்றேன்.

இளக்கமான சந்தனம் நிமிர்த்தி வைத்தால் கீழ்நோக்கி வடியும் என்பதைக் கையேடு சொல்லவில்லை. ஒன்பது மொழிகளிலும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை விடிந்ததிலிருந்து வீடு அமைதியாக இருந்தது. அடிக்கவேண்டாம் என்று நாங்கள் சொன்னதை இனசனம் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது வரலாற்றில் அதுதான் முதல்தடவை என்று நினைத்தேன். போஸ்ட்மாஸ்டர் அண்ணை வேலையால் வந்து படுத்துவிட்டார். நான் துணியுடன் போனை நெருங்கியபோது மனைவி மறித்தாள்.

"இண்டைக்கு ஒருநாளைக்கு அதைத் துடையாதேங்கோ. நீங்கள் கையில வைச்சுக் கிண்டிக்கொண்டு நிக்கேக்க அவங்கள் அடிச்சு, நீங்கள் பதட்டத்தில பிழையான பட்டனை அமத்தி... வேண்டாம். தொடாதேங்கோ."

நியாயமான பேச்சு. மாடிப்படியின் இரண்டாவது படியில் உட்கார்ந்து லேஸ் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி. ஒன்பது. பத்து. பதினொன்றரைக்கு மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, டயல் டோன் கேக்குதோ எண்டு. டக்கெண்டு எடுத்து டக்கெண்டு வையுங்கோ."

எடுத்தேன். பட்டனை அமத்தினேன். காதில் வைத்தேன். இன்னொரு தரம் அமத்தினேன். வெறும் பிளாஸ்டிக்கைக் காதில் வைத்தால் என்ன கேட்குமோ அதுதான் கேட்டது.

"என்ன?" என்றாள்.

ரிசீவர் செத்திருந்தது. பீடம் அடிக்காது. அப்படியென்றால் காலையிலிருந்து எத்தனை தரம் அடித்ததோ தெரியாது. அடிப்பவருக்கு மட்டும் மணி கேட்டிருக்கும். இந்த நிமிடத்திலும், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அது எங்களுக்குக் கேட்காமல் அடித்துக்கொண்டிருக்கலாம்.

"சார்ஜ் இல்லை," என்றேன்.

மனைவி மேலே ஓடிப் போஸ்ட்மாஸ்டர் அண்ணையின் கதவைத் தட்டினாள். அவர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். ரிசீவரை வாங்கிக் கவிழ்த்தார். இரண்டு தகடுகளுக்கும் மேலாக மஞ்சளாக ஒரு பொருக்கு படர்ந்து சீமெந்து போலக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனம்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீரோ வைச்சது?"

"நான் வைக்கேல்லை அண்ணை. ஈரம் படக்கூடாதெண்டு இவர்தான் சொன்னவர்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் நீதிமன்றத்தில் நின்றதில்லை. இனி நிற்கவும் தேவையில்லை.

"நடுவிலதான் வைச்சனான்," என்றேன்.

மனைவி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து மெல்லிய குரலில், "அவனைத் திருப்பி ஏத்திப் போடுவாங்களோ?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் கேட்டாளா, அண்ணையிடம் கேட்டாளா தெரியவில்லை.

அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். நெருப்புக்குச்சியை முறித்து அதன் முனையால் பொருக்கைச் சுரண்டத் தொடங்கினேன். தண்ணீர் தொட்டால் மறுபடி சேறாகிவிடும், உலர்வாகத்தான் எடுக்கவேண்டும். மூன்று குச்சி முறிந்தது. மனைவி பல் விளக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பிறகு பென்சில் அழிக்கும் றப்பரால் தேய்த்தேன். மெல்ல மெல்லப் பித்தளை தெரிந்தது. பீடம் அதைவிட மோசம். ஊசிகளில் ஒன்று வடிந்த சந்தனத்தில் ஒட்டிக் குழிக்குள் போய்விட்டது, எழும்பவில்லை. போஸ்ட்மாஸ்டர் அண்ணை மனைவியின் சட்டை ஊசியை வாங்கி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். ஊசி டிக் என்று மேலே வந்தது.

"பற்றரியை ஹீற்றருக்கு மேல கொஞ்சம் வைச்சால் என்ன?" என்றார். "ஊருக்குச் சாமான் விடாமல் தடை போட்டிருக்கேக்க நாங்கள் செத்த பற்றரியை வெயில்ல காயவைச்சுத்தானே ரேடியோ கேட்டனாங்கள்."

"ஐயோ வேண்டாம் அண்ணை. இது வேற சாதி. சூடாக்கினால் வெடிக்குமெண்டு கையேட்டில கிடக்கு."

"சந்தனம் வைக்கச் சொல்லியும் அதிலதான் கிடந்ததோ?"

அடாப்டரைச் செருகி, ரிசீவரை இருத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று பேரும் அதைக் கற்பூரம் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்றாள் மனைவி.

"முழுசா இறங்கினால் பதினாலு மணித்தியாலம்."

"பதினாலோ! அதுக்குள்ள பெடியன் திரும்பிக் கொழும்பில..." என்று தொடங்கிய போஸ்ட்மாஸ்டர் அண்ணை தன் வாயைத் தானே பொத்தினார். மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் அதற்குப் பிராயச்சித்தம் போலப் பொட்டு வைத்த திறப்பை எடுத்துக்கொண்டு, சாரத்துக்கு மேல் ஓவர்கோட்டைப் போட்டு, கடையில் ஒரு கம்பி போன் வாங்கி வருகிறேன் என்று செருப்போடு ஓடினார்.

நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒருவரும் இல்லை. மூலையிலுள்ள போன் பெட்டியிலிருந்து எங்கள் நம்பருக்கே அடித்து, மணி அடிக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாதி வழி போய்விட்டேன். நான் அடிக்கும் அதே நிமிடத்தில் அதிகாரி அடித்தால் லைன் பிஸி என்று வரும். திரும்பி ஓடிவந்தேன். அந்த வயதில் என் உடம்பு அந்த வேகத்தைக் கண்டதில்லை.

பத்து நிமிடம் கழித்து ரிசீவரைத் தூக்கினேன். டயல் டோன் கேட்டது. கடைசியாக அடித்தவர் யார் என்று சொல்லும் சேவைக்கு அடித்தேன். பதிவு செய்யப்பட்ட பெண் குரல், இன்று பத்து ஐம்பத்திரண்டுக்கு உங்களுக்கு ஒரு அழைப்பு வந்தது, அழைத்தவரின் நம்பர் எங்களிடம் இல்லை என்றது. பத்து ஐம்பத்திரண்டுக்கு நான் இரண்டாவது படியில் உட்கார்ந்து உறையின் லேஸ் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆராம்?" என்றாள் மனைவி.

"தெரியேல்ல. யன்னல் விக்கிறவனாயும் இருக்கலாம்."

"சனிக்கிழமையிலயோ?"

ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். உறையை அவளே உருவி எடுத்து மடியில் வைத்திருந்தாள். விளக்கு எரிந்தது. பன்னிரண்டரை ஆகும்போது மணி அடித்தது.

இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்கு நடுங்கியவன் அன்று அதை எப்படி எடுத்தேன் என்று நினைவில்லை. ஒரு ஆண்குரல், களைத்த, மரியாதையான குரல். தான் முன்பும் ஒருதரம் முயன்றதாகவும் ஒருவரும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். மூன்றாம் டேர்மினலிலிருந்து பேசுவதாகச் சொன்னார். மைத்துனனின் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொல்லி, இவரைத் தெரியுமா என்றார்.

அப்போதே காதுக்குள் பீப் என்றது. பற்றரி முடியப்போகிறது.

ஒரு வசனம் போதுமான இடத்தில் ஐந்து வசனம் பேசுபவன் நான். ஆங்கிலத்தில் என்றால் மன்னிப்புடன் தொடங்கி வானிலையைத் தொட்டுத்தான் விசயத்துக்கு வருவேன். அன்று தந்தி அடிப்பதுபோலப் பேசினேன். தெரியும். மனைவியின் தம்பி. பிறந்த திகதி கேட்டார். மனைவி காதுக்குள் கத்தினாள், நான் திருப்பிச் சொன்னேன். பீப். முகவரி கேட்டார். சொன்னேன். போஸ்ட்கோடைத் திரும்பக் கேட்டார். பீப், பீப். எழுதுகிற சத்தம் கேட்டது. அந்த மனிதர் அவ்வளவு ஆறுதலாக எழுதினார். ரிசீவரைப் பீடத்தில் வைத்தால் லைன் அறும், வைக்காவிட்டால் உயிர் போகும். பிறகு, இவர் உங்களோடு தங்கலாமா, நீங்கள் வந்து கூட்டிப்போவீர்களா என்று கேட்டார்.

"யெஸ்," என்றேன்.

செத்த ரிசீவருக்கு இன்னும் நாலைந்து தரம் யெஸ் சொன்னேன். முதல் யெஸ் அவருக்குப் போனதா, வழியில் நின்றதா என்று தெரியவில்லை.

அந்நேரம் போஸ்ட்மாஸ்டர் அண்ணை கக்கத்தில் ஒரு பெட்டியுடன் உள்ளே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முழங்காலில் நின்று கம்பி போனைச் சுவரில் செருகினார். மனைவி அதன் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். திரும்ப அடித்தால் எடுப்பதற்கு அவள் இருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஹீத்ரோவுக்குப் புறப்பட்டோம். அண்ணை காற்சட்டை போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் கேட்டார். கொடுத்தேன்.

மூன்றாம் டேர்மினலில் மூன்றே கால் மணித்தியாலம் தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்து அங்கே துப்புரவு வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு தரம் கடந்துபோனார். இரண்டாம் தரம் நின்று, "ஆளுக்காக நிக்கிறியளோ? மத்தியானம் கொஞ்சப் பேரைத் திருப்பி ஏத்தினவங்கள் எண்டு கதை," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் கம்பியைப் பிடித்திருந்ததா, கம்பி என்னைப் பிடித்திருந்ததா என்று சொல்லமுடியாது. போஸ்ட்மாஸ்டர் அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயம் தந்தது.

நாலரைக்கு அவன் வந்தான். கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை, மற்றக் கையில் மடிக்காத ஒரு கடதாசி. மெல்லிய சேர்ட். படத்தில் பார்த்ததைவிடக் கழுத்து நீளமாக இருந்தது. என்னைக் கண்டு அழுவான் என்று நினைத்தேன். "அத்தான்?" என்று சந்தேகத்துடன் கேட்டான்.

போன் பெட்டியிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். முதல் மணி முடிவதற்குள் மனைவி எடுத்தாள். "வந்திட்டான்," என்றேன். காசு முடியும்வரை அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

காரில் அவன் பின்னால் இருந்தான். ஹவுன்ஸ்லோப் பக்கம் தாண்டியபின் தானாகவே சொன்னான்.

"நம்பரைப் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சன் அத்தான். அவர் அடிச்சவர், எனக்கும் கேக்கட்டும் எண்டு ரிசீவரை என்ர பக்கம் பிடிச்சவர். அது அடிச்சுக்கொண்டே இருந்தது. ஆரும் எடுக்கேல்ல. வேற நம்பர் இருக்கோ எண்டு கேட்டவர். கடைசி ரெண்டு இலக்கமும் இடம் மாறிப்போச்சாக்கும், மாத்திச் சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. பிறகு ஆரும் வெள்ளைக்காரன் எடுத்து, உப்பிடி ஒருத்தரையும் தெரியாது எண்டு சொன்னால் முடிஞ்சுது எண்டு பயந்து பேசாமல் இருந்தன். சாப்பிட்டுட்டு வந்து இன்னொருக்கா அடிச்சுப் பாக்கிறன், அதுதான் கடைசி எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

கார் ஓட்டிக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டர் அண்ணை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சொல்லும் ஐசே," என்றார்.

"நம்பர் சரி தம்பி," என்றேன். "ஒரு இலக்கமும் பிழையில்லை. பிழை எங்கட பக்கம். போன் செத்துப்போய்க் கிடந்தது. அது நான் செய்த வேலை."

"நீங்களோ?"

"ஓம். நான்தான்."

எப்படி என்று கேட்பான் என்று காத்திருந்தேன். சொல்வதற்கு வசனங்களைக்கூட ஒழுங்குபடுத்திவிட்டேன். அவன் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். யன்னலில் தலையைச் சாய்த்திருந்தான். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லை. உற்றுப் பார்த்தபின்தான் அது எங்கள் வீட்டு நம்பர் என்று புரிந்தது.

"இனி அது தேவையில்லை தம்பி. வீட்டுக்குத்தானே போறம்."

"ஓம் அத்தான்," என்றான்.

கிங்ஸ்டன் பாலம் தாண்டும்போது மறுபடி பார்த்தேன். இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.